அக்கிக்கு மூன்று நாள் கெடு!

முதுகிலோ விலாவிலோ ஒரு பக்கமாக எரிச்சல். இரண்டொரு நாளில் அதே இடத்தில் பட்டையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள். 'அக்கிதான், காவி பூசினா அடங்கிடும்' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். காவி குளிர்ச்சி தரும்; மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நடப்பது என்ன?

சின்ன வயதில் உங்களுக்கு வந்த சின்னம்மையின் வைரஸ் சாகவில்லை. நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்தது. வயதாகி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது தலைதூக்குகிறது. அதுதான் அக்கி.

வைரஸுக்குத் தனியாகப் பெருகத் தெரியாது. நம் செல்லுக்குள் புகுந்துதான் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும். டி.என்.ஏ. என்பது நான்கே வகைக் கண்ணிகளைக் கோத்த நீளச் சங்கிலி. 'அசைக்ளோவிர்' என்ற மருந்து, ஆய்வுக்கூடத்தில் செய்த போலிக் கண்ணி. பார்க்க அசல் மாதிரியே இருக்கும். அடுத்த கண்ணியை மாட்டக் கொக்கி இருக்காது. வைரஸ் ஏமாந்து அதைக் கோத்ததோ, சங்கிலி அதோடு நின்றது!

'அப்போ நம்ம செல்லும் கெடாதா டாக்டர்?' என்று கேட்பீர்கள். இந்த மருந்தை முதலில் தட்டி எழுப்புவது வைரஸின் சொந்த என்சைம். அது இல்லாத நல்ல செல்லில் மருந்து பெரும்பாலும் சும்மா கிடக்கும். இந்தச் சூட்சுமத்தைக் கண்டறிந்த குழுவை நடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி, 1988-ல் நோபல் பரிசு பெற்றவர்.

ஆக, வைரஸ் பெருகும்போதுதான் மருந்துக்கு வேலை. பெருகி முடித்த வைரஸையோ நைந்துபோன நரம்பையோ அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நரம்பு வலியால் தூங்காமல் தவிக்கும் முதியவர்கள் உண்டு.

நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளமா? அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள், பார்வையே போகலாம். கண்ணருகே எதையும் பூசாதீர்கள். மூன்று நாள் தாண்டிவிட்டாலும், புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் போகத் தயங்க வேண்டாம்.

கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும். சளி, ஜுரத்துக்கெல்லாம் இது கேட்காது.

சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் காவி!