திபெத்: சாட்சி உண்டு; நீதிமன்றம் இல்லை

புது தில்லி: வாக்குமூலங்கள் இருக்கின்றன, சித்திரவதைக் கருவிகள் இருக்கின்றன, தழும்புகளுடன் சாட்சிகளும் இருக்கிறார்கள். விசாரிக்க நீதிமன்றம்தான் இல்லை. சீனக் கம்யூனிஸ்ட் அரசின் சிறைகளில் வதைபட்டு, இந்தியாவில் தஞ்சம் புகுந்த திபெத்திய அரசியல் கைதிகளின் நிலை இது.

இவர்களில் உலகறிந்தவர் பால்டன் கியாட்சோ என்ற பௌத்தத் துறவி. 1959-ம் ஆண்டு லாசா எழுச்சியை அடுத்துக் கைதான அவர், சிறைகளிலும் உழைப்பு முகாம்களிலும் 33 ஆண்டுகள் கழித்தார். 1990-ல் சிறைக் காவலர் ஒருவர் மின்தடியை வாய்க்குள் திணித்ததில் பற்களை இழந்தார். 1992-ல் விடுதலையானதும், மின்தடி, விலங்கு உள்ளிட்ட கருவிகளை மறைத்து எடுத்துக்கொண்டு எல்லை கடந்து வந்தார். 1995-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார்.

ஆயினும் வழக்குத் தொடுக்க வழியில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை சீனா 1988-ல் ஏற்புறுதி செய்தது. ஆனால் தனிநபர் புகார்களை விசாரிக்கும் அதிகாரத்தை ஐ.நா. குழுவுக்கு அது வழங்கவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்திலும் சீனா உறுப்பினர் அல்ல. பாதுகாப்பு கவுன்சில் மூலம் வழக்கை அங்கு அனுப்பலாம் என்றால், சீனாவிடம் ரத்து அதிகாரம் உள்ளது. மேலும், 2002 ஜூலைக்கு முந்தைய குற்றங்களை அந்நீதிமன்றம் விசாரிக்க முடியாது.

ஒரே ஒரு கதவு ஸ்பெயினில் திறந்தது. எந்த நாட்டில் நடந்த கொடுங்குற்றத்தையும் விசாரிக்கலாம் என்ற சட்டத்தின் கீழ், திபெத் வழக்கை அந்நாட்டு தேசிய நீதிமன்றம் 2006-ல் ஏற்றது. முன்னாள் அதிபர் ஜியாங் ஜெமின், முன்னாள் பிரதமர் லீ பெங் உள்ளிட்டோரைக் கைது செய்ய 2013-ல் உத்தரவிட்டது. சீனா கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. 2014-ல் ஸ்பெயின் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, விசாரணை வரம்பைச் சுருக்கியது. வழக்கு முடித்து வைக்கப்பட்டது.

அடைக்கலம் தந்த இந்தியாவிலும் வழி இல்லை. அதே உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்ட இந்தியா, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-ல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையில் தேங்கி 2014-ல் காலாவதியானது. தனிச் சட்டம் வேண்டும் என்று 2017-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தும் பலனில்லை. தன் வீட்டில் சட்டம் இயற்றாத நாடு, அண்டை நாட்டை எப்படிக் கேள்வி கேட்கும்?

பால்டன் கியாட்சோ 2018 நவம்பர் 30-ல் தர்மசாலாவில் காலமானார். அவருடைய சாட்சியம் ஐ.நா. ஆவணங்களில் இருக்கிறது. அதன் மீது தீர்ப்பு எழுத எந்த நீதிபதியும் முன்வரவில்லை. முதிய கைதிகள் ஒவ்வொருவராக மறையும்போது, ஒரு வழக்கின் சாட்சியும் அவர்களுடன் மறைகிறது.