ஏரிக்கரை மனிதர்கள் – 9: மழை நட்ட தோட்டம்

பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் மணல் மூடிப்போகும் கதையைப் போன வாரம் பார்த்தோம். அந்த வழியாக ஏறி இறங்கும் உப்புதான் இந்த வாரக் கதையில் தோட்டக்காரன்.

இங்கிலாந்தில் குளிர் வந்தால் மரங்கள் மொட்டை. அதனால் சிவந்த தண்டுக்காகவே சில செடிகளைத் தேடி நடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் குளிர்காலத் தோட்டம் என்றே தனியாக ஒன்று உண்டு. பழவேற்காட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறும் காலங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்த்ததும் ஏரியின் உப்பு தணிகிறது. கோடையில் வெடித்துக் கிடந்த கரைச்சேறு அப்போதுதான் பச்சை பிடிக்கிறது.

முதல் மரியாதை உமரிக்கு. முழங்கால் உயரம்கூட வராத செடி. இலை என்று சொல்ல முடியாது, உருண்டு திரண்ட சின்னக் குச்சிகள். கிள்ளி நசுக்கினால் விரலெல்லாம் நீர். நாக்கில் வைத்தால் உப்பு. மழை விட்ட புதிதில் பச்சையாக இருப்பது, தை, மாசியில் தண்ணீர் வற்றி மண்ணில் உப்பு ஏற ஏறச் சிவக்கிறது. அந்தச் சிவப்புக்குக் காரணம் பீட்டாசயனின் என்ற நிறமி. பீட்ரூட்டின் நிறமும் அதுவே; இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். கடற்கரை ஊர்களில் உமரியைக் கீரையாகவும் சமைப்பார்கள். உப்புப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் பின்வாங்க வேண்டும்!

கடல் பக்கத்து மணல்மேடு அடும்புக்குச் சொந்தம். ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் புனல் போன்ற பூ. காலையில் போனால்தான் பார்க்கலாம், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். சங்க காலத்து நெய்தல் புலவர்களுக்கே பழக்கமான கொடி இது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கிறது. துணைக்கு ராவணன் மீசைப் புல்.

குப்பத்து வாசல்களில் கதை வேறு. உவர் மண்ணில் எல்லாச் செடியும் பிழைக்காது. ஓட்டை டிரம்மிலோ, மீனுக்கு ஐஸ் போட்டு உடைந்துபோன தெர்மாகோல் பெட்டியிலோ நல்ல மண்ணை நிரப்பி டிசம்பர் பூ வைக்கலாம். மணம் கிடையாது, ஆனால் மார்கழித் தலைக்கு அந்த ஊதா போதும். நிழலுக்குப் பூவரசு இருக்கிறது. மஞ்சளாக மலரும் பூ, வாடும்போது சிவந்துவிடும். உப்புக்காற்றுக்கும் அசராது. கடற்கரையில் வீடு கட்டிவிட்டு நர்சரியிலிருந்து குரோட்டன்ஸும் புல்தரையும் இறக்குகிறவர்கள் பணத்தைத்தான் மணலில் கொட்டுகிறார்கள் என்பேன்.

பூநாரை பார்க்க இந்த மாதங்களில் வண்டி வண்டியாக வருகிறீர்கள், சந்தோஷம். மணல்மேட்டில் மட்டும் பைக்கையும் ஜீப்பையும் ஏற்றாதீர்கள். சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். டயர் அறுத்துப்போட்ட அடும்புக் கொடியோடு அது பிடித்து வைத்த மணலும் போய்விடும். அந்த மேட்டுக்குப் பின்னால்தான் குப்பத்து வீடுகள் இருக்கின்றன.

(தொடரும்)