அடைத்தலும் அடைதலும்



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வாழும் நமக்கு ‘அடை’ என்ற சொல் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. பொழுது சாய்ந்தால் ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம். அறுவடை முடிந்தால் கடனை அடைக்கிறோம். ஊரில் பிரச்சினை என்றால் கடையை அடைக்கிறோம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால் மாரடைப்பு என்கிறோம்.

இதே சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. ‘அடைந்தான்’ என்றால் போய்ச் சேர்ந்தான். ‘அடைத்தான்’ என்றால் மூடினான். நடுவில் ஒரு மெய்யெழுத்துதான் மாறுகிறது. திருந்தினான், திருத்தினான் என்பது போல, முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இலக்கணப்படி பார்த்தால், அடைப்பது என்பது அடையச் செய்வது. ஆடுகள் பட்டியை அடைகின்றன. ஆயர் அவற்றைப் பட்டியில் அடைக்கிறார். படலைச் சாத்துவது நரிக்காக. பின்தங்கி வரும் நொண்டி ஆட்டுக்காக அல்ல.

‘அடைக்கலம்’ என்ற அழகான சொல்லும் இந்தக் குடும்பம்தான். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவர் வீரமாமுனிவர். 1732-இல் சதுரகராதி தந்தவரும் அவரே. சொல்லின் எடை அறிந்த குருவானவர்!

ஆனால், மத்தேயு 23:13-இல் ஆண்டவர் கடிந்துகொள்வது வேறொரு அடைப்பை. மறைநூல் அறிஞரும் பரிசேயரும் விண்ணரசின் வாயிலை மக்கள்முன் அடைக்கிறார்கள் என்கிறார். அதோடு நிற்கவில்லை. அவர்களும் நுழைவதில்லை, நுழைய வருகிறவர்களையும் விடுவதில்லை என்கிறார். இந்த இரண்டாம் பகுதியை நாம் அவசரமாக வாசித்துவிடுகிறோம். அடைத்தவரும் வெளியேதான் நிற்கிறார்.

இதற்கு விளக்கவுரை நமக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவது பற்றி 2023 ஏப்ரலில் தகராறு எழுந்தது. அந்த ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வருவாய்த் துறையினர் கோயிலுக்குச் சீல் வைத்தனர். நீங்கள் வரக்கூடாது என்றவர்களும் பூட்டுக்கு வெளியேதான். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது பூசைக்கு மட்டும், பக்தர்களுக்கு அல்ல.

அடுத்த வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு உரிமை இல்லை. எறையூர் நம் மறைமாவட்டம். 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி மோதல் மூண்டது. காவல் துறையினர் சுட்டதில் இருவர் இறந்தனர். இரு தரப்பும் ஒரே நற்கருணையை உண்டவர்கள். அதற்கு நான்காண்டுக்கும் முன்னரே, 2003 நவம்பரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமையைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். தீண்டாமை பெரும் சமூகப் பாவம் என்று 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையும் தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஏடு வந்துவிட்டது, வழி எல்லா இடத்திலும் திறந்துவிடவில்லை.

பத்துத் தோழியர் உவமையில் கதவு அடைக்கப்பட்டதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால், உள்ளிருந்து பதில் சொன்னவர் மணமகன். முன்னதாகவே உள்ளே போய் உட்கார்ந்த தோழியர் ஐவருக்கும் அந்த அதிகாரம் தரப்படவில்லை. பங்குப்பேரவைக்கும் தரப்படவில்லை, பங்குத்தந்தைக்கும் இல்லை.

ஆகவே இத்தவக்காலத்தில் நாம் சில எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். நம் தேர்பவனி எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது? கல்லறைத் தோட்டத்துக்கு எத்தனை வழி? ஒன்றுக்குமேல் இருந்தால், எதற்காக? திருவிழா வரியை எல்லா வீட்டிலும் வாங்குகிறோமா, அல்லது சில தெருக்களை விட்டுவிடுகிறோமா? அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் முதல் பொருளாக இவற்றை எடுத்துக்கொள்வோம். பேரவையில் இல்லாதவர்களும் வரலாம். அன்று அறையின் கதவு திறந்தே இருக்கும்.