விதியா, நம் விருப்பமா? உமர் (ரலி) பாதி வழியில் திரும்பிய பயணம் தரும் பாடம்

"எல்லாம் நஸீபு." நம் வீடுகளில் இந்தச் சொல் காதில் விழாத நாள் குறைவு. மகளின் வாழ்க்கை சரியாக அமையவில்லை என்றாலும் நஸீபு. வியாபாரம் படுத்துவிட்டாலும் நஸீபு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடாமல் விட்டு, காலில் புண் வந்து விரலை எடுக்க நேர்ந்தாலும் நஸீபு.

நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் ஏற்பாட்டின்படியே நடக்கின்றன என்பது ஈமானின் ஆறாவது அம்சம். மக்தபில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளையும் இதை மனப்பாடமாகச் சொல்லும். அதே பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போனதும் கேட்கிறது: "எல்லாம் முன்பே எழுதப்பட்டுவிட்டது என்றால், நான் செய்யும் தவறுக்கு என்னை ஏன் விசாரிக்க வேண்டும்?"

நியாயமான கேள்விதான். "இதையெல்லாம் கேட்கக் கூடாது" என்று அதட்டுவது அதற்குப் பதிலாகாது. ஏனென்றால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் ஸஹாபாக்கள். அவர்களில் இருவருக்கிடையே நடந்த ஓர் உரையாடலிலிருந்து நாம் தொடங்குவோம்.

ஸர்க் என்ற இடத்தில்

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு வாக்கில், அதாவது கி.பி. 639ஐ ஒட்டிய காலத்தில், ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் பரவியது. ஃபலஸ்தீனிலுள்ள அம்வாஸ் என்ற ஊரின் பெயரால் வரலாறு அதைக் குறிப்பிடுகிறது. அப்போது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாமை நோக்கிப் பயணப்பட்டிருந்தார்கள். ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, ஷாமின் படைத் தளபதியான அபூ உபைதா (ரலி) அவர்களும் மற்ற தளபதிகளும் எதிர்கொண்டு வந்து நோய் பரவியிருக்கும் செய்தியைச் சொன்னார்கள்.

உமர் (ரலி) உடனே முடிவெடுக்கவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்சாரிகளை அழைத்தார்கள், அவர்களும் பிரிந்தார்கள். மூன்றாவதாக, மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பிவிடச் சொன்னார்கள். காலையில் மதீனாவுக்குத் திரும்புவது என்று அறிவிக்கப்பட்டது.

அபூ உபைதா (ரலி) சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவர் கேட்ட கேள்வி இதுதான்: அல்லாஹ்வின் விதியை விட்டா தப்பி ஓடுகிறீர்கள்?

இந்தக் கேள்வி இவரிடமிருந்து வந்திருக்க வேண்டாமே என்று உமர் (ரலி) ஆதங்கப்பட்டார்கள். பிறகு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே தாம் செல்வதாகப் பதில் சொன்னார்கள். அதற்கு ஓர் உதாரணமும் தந்தார்கள். உங்கள் ஒட்டகங்களோடு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர்கள். ஒரு கரை பசுமையாக இருக்கிறது, மறு கரை காய்ந்து கிடக்கிறது. பசுமையான பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான். காய்ந்த பக்கம் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிதான்.

அந்த நேரத்தில், வேறு அலுவலாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து சேர்ந்தார். நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அதற்குப் பயந்து வெளியேறவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைத் தாம் கேட்டிருப்பதாகத் தெரிவித்தார். உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

மதியும் விதிக்குள்தான்

'விதியை மதியால் வெல்லலாம்' என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பேச்சு. விதியும் மதியும் இரண்டு எதிரிகள், ஒன்றை ஒன்று மல்லுக்கட்டி வீழ்த்தும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. உமர் (ரலி) அவர்களின் பதிலில் அந்த மல்லுக்கட்டே இல்லை. ஆலோசனை கேட்டதும், யோசித்ததும், திரும்பியதும் எல்லாம் விதிக்கு வெளியே நடந்தவையல்ல. மதியும் விதிக்குள்தான் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததும் இதையே. நாம் செய்யும் மருத்துவமும், ஓதிப் பார்ப்பதும், தற்காப்பும் அல்லாஹ்வின் விதியை மாற்றிவிடுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவையும் அல்லாஹ்வின் விதியில் உள்ளவைதாம் என்று பதில் சொன்னார்கள். இது திர்மிதீயில் உள்ளது. அப்படியானால் நோய் மட்டும் எழுதப்பட்டதல்ல, மருந்தும் எழுதப்பட்டது. பஞ்சம் மட்டுமல்ல, உழைப்பும். ஆபத்து மட்டுமல்ல, துஆவும்.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்கத் தவறும் இன்னொரு பக்கம் உண்டு. உமர் (ரலி) திரும்பினார்கள். அபூ உபைதா (ரலி) தம் பொறுப்பிலிருந்த மக்களோடு ஷாமிலேயே தங்கினார். அந்த நோயிலேயே வஃபாத்தானார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களையும் அதே நோய் கொண்டுபோனது. வெளியே இருந்தவர் உள்ளே நுழையவில்லை, உள்ளே இருந்தவர் வெளியேறவில்லை. நபிமொழியின் இரண்டு பாதிகளையும் ஆளுக்கொன்றாக நிறைவேற்றினார்கள். பிழைத்தவர் கெட்டிக்காரர், இறந்தவர் ஏமாளி என்று இங்கே சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது, நாம் நிற்கும் இடத்தில் நமக்குக் கடமையானதைச் செய்வது. முடிவு நம் கையில் இல்லை.

இரண்டு ஓரங்கள்

பிற்காலத்தில் சிலர் இந்த நடு வழியை விட்டு விலகினார்கள். மனிதன் காற்றில் பறக்கும் இறகு, அவனுக்கென்று எந்தத் தேர்வும் இல்லை என்றார்கள் ஜபரிய்யாக்கள். இதற்கு நேர் எதிராக, விதி என்பதே கிடையாது, மனிதன் செய்த பிறகே காரியம் உருவாகிறது என்று பஸராவில் மஅபத் அல்ஜுஹனீ பேசத் தொடங்கினார். இந்தச் செய்தியைச் சிலர் மதீனாவின் அறிஞரான இப்னு உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தபோது, தமக்கும் அந்தக் கூட்டத்துக்கும் தொடர்பில்லை என்று அறிவித்துவிட்டு ஒரு ஹதீஸைச் சொன்னார்கள். ஜிப்ரீல் (அலை) மனித வடிவில் வந்து ஈமானைப் பற்றிக் கேட்ட ஹதீஸ் அது. நம் பிள்ளைகள் மக்தபில் மனனம் செய்யும் ஆறு அம்சங்களும் அதில்தான் வருகின்றன.

நம் பகுதி மதரஸாக்களில் அகீதா பாடமாக ஓதப்படுவது, ஹிஜ்ரி 324இல் வஃபாத்தான இமாம் அபுல் ஹஸன் அல்அஷ்அரீ (ரஹ்), 333இல் வஃபாத்தான இமாம் அபூ மன்ஸூர் அல்மாதுரீதீ (ரஹ்) ஆகியோரின் வழி. அதன் சாரம் இது: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைத் தன் விருப்பத்தால் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன். நடுக்க நோயால் ஆடும் கையையும், பிறர் பொருளை எடுக்க நீளும் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் அசைவுதான். ஆனால் முதலாவதற்கு நாம் பொறுப்பல்ல, இரண்டாவதற்குப் பொறுப்பு என்பது நம் ஒவ்வொருவருக்கும் உள்ளூரத் தெரியும். விசாரணை அந்த இரண்டாவது கைக்குத்தான்.

"முன்பே எழுதிவிட்டானே?" என்ற கேள்வி மீண்டும் எழும். 2027 ஆகஸ்ட் 2 அன்று மக்காவில் முழு சூரிய கிரகணம் தெரியும் என்று வானியலாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியதற்காக நிலா சூரியனை மறைக்கப் போவதில்லை. அறிவது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. இந்த உதாரணத்துக்கும் எல்லை உண்டு: வானியலாளர் வெறுமனே அறிபவர், அல்லாஹ்வோ படைப்பவனும் நாடுபவனும்கூட. அவன் நாட்டமும் நம் விருப்பமும் எப்படி இணைகின்றன என்பதன் முழு ரகசியம் அவனிடமே இருக்கிறது. ஆனால் குர்ஆன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நேர்வழியில் நடக்க விரும்புவோருக்கு இது நல்லுரை என்று சொல்லிவிட்டு, அல்லாஹ் நாடாமல் நீங்கள் நாட முடியாது என்று அடுத்த வசனத்தில் முடிக்கிறது (81:28, 29). ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடும் உரிமை நமக்கு இல்லை.

இந்தச் சொல்லை எங்கே சொல்வது?

நம் குடும்பங்களுக்கு இன்று தேவையான விளக்கம் இதுதான். விதியை நம்புவதில் நம்மிடம் குறையில்லை. அந்தச் சொல்லை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதில்தான் கோளாறு.

முதலாவது, நடந்து முடிந்த துயரம். மய்யித்தை அடக்கிவிட்டு வந்த வீட்டில், "வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரோ?" என்று ஒரு தாய் இரவெல்லாம் தன்னையே வதைத்துக்கொள்கிறாள். களா கத்ர் என்ற சொல் அவளுக்காகத்தான். கைநழுவியதற்காக நீங்கள் துக்கத்தில் மூழ்காமலும், கிடைத்ததற்காகக் கர்வம் கொள்ளாமலும் இருக்கவே துன்பங்கள் முன்பே எழுதப்பட்டிருப்பதாகக் குர்ஆன் காரணம் சொல்கிறது (57:22, 23).

இரண்டாவது, இனி நடக்க வேண்டியது. இங்கே விதியைச் சாக்காகச் சொல்ல வழியில்லை. முஸ்லிமில் பதிவான நபிமொழி ஒன்று இரண்டு காலங்களையும் பிரித்துக் காட்டுகிறது. முதலில், உனக்குப் பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் விழுந்துவிடாதே என்று கட்டளையிடுகிறது. அதன் பிறகும் ஒரு துன்பம் வந்தால், 'அப்படிச் செய்திருந்தால்' என்று புலம்பாமல் இது அல்லாஹ்வின் ஏற்பாடு என்று சொல்லச் சொல்கிறது. முயற்சி முன்னால், விதி என்ற சொல் பின்னால். ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுக்கும்போதே "எழுதினதுதானே நடக்கும்" என்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்.

மூன்றாவது, நம் பாவம். இப்லீஸ் தன் வழிகேட்டுக்கு அல்லாஹ்வையே காரணமாக்கினான் (7:16). ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள் (7:23). தவறு செய்தவருக்கு முன்னால் இந்த இரண்டு வழிகள்தாம் இருக்கின்றன. அல்லாஹ் நாடியிருந்தால் நாங்கள் இணைவைத்திருக்க மாட்டோம் என்ற மக்காவாசிகளின் சாக்கையும் குர்ஆன் ஏற்கவில்லை (6:148). விபத்து விஷயத்தில் ஷரீஅத் இன்னும் தெளிவாக இருக்கிறது. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர்கூட நஷ்டஈடும் பரிகாரமும் செய்ய வேண்டும் என்பது குர்ஆனின் சட்டம் (4:92). பறிகொடுத்த குடும்பம் களா கத்ர் என்று சொல்லி ஆறுதல் அடையலாம். வண்டியை ஓட்டியவர் அதே சொல்லைச் சொல்லி நழுவ முடியாது.

நான்காவது, அடுத்தவருடைய கஷ்டம். நம் சமுதாயத்தில் அதிகம் காயப்படுத்துவது இதுதான். கணவனிடம் அடி வாங்கி வாப்பா வீட்டுக்கு வந்த பெண்ணிடம், "உன் நஸீபு அவ்வளவுதான், பொறுத்துப் போ" என்று திருப்பி அனுப்புகிறோம். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கணவரின் குணத்திலும் மார்க்கத்திலும் குறை சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து வாழ மனம் ஒப்பவில்லை என்றார். 'இது உன் விதி' என்று நபியவர்கள் சொல்லவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று கேட்டு, பிரிவுக்கு வழி செய்தார்கள். குறை சொல்லாத பெண்ணுக்கே வழி காட்டப்பட்டது என்றால், அடிபட்டு நிற்பவளுக்கு நாம் எந்த மார்க்கத்தைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறோம்? அதுபோலவே, கணவனை இழந்தவளை 'ராசியில்லாதவள்' என்று ஒதுக்குவது விதி நம்பிக்கையில் சேராது; அது நபியவர்கள் மறுத்த சகுனம் பார்க்கும் பழக்கம். நம்மால் தடுக்கக்கூடிய ஒரு கஷ்டத்துக்கு விதி என்று பெயர் வைத்தால், நம் அலட்சியத்தை அல்லாஹ்வின் மேல் ஏற்றுகிறோம் என்று பொருள்.

கேள்வி கேட்கும் பிள்ளைக்கு

மதீனாவின் பகீஉ மையவாடியில் ஒரு ஜனாஸாவின்போது, ஒவ்வொருவருடைய இருப்பிடமும் எழுதப்பட்டுவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்படியானால் அமல்களை விட்டுவிட்டு எழுதப்பட்டதையே நம்பி இருந்துவிடலாமா என்று கேட்கப்பட்டது. நபியவர்கள் கோபப்படவில்லை. செயல்படுங்கள், ஒவ்வொருவருக்கும் எதற்காகப் படைக்கப்பட்டாரோ அது எளிதாக்கப்படும் என்றார்கள். ஸூரத்துல் லைல் அத்தியாயத்தின் வசனங்களை ஓதியும் காட்டினார்கள். கொடுத்து உதவி, இறையச்சத்தோடு வாழ்பவருக்கு நன்மையின் வழி எளிதாக்கப்படுகிறது என்பது அவ்வசனங்களின் கருத்து.

இதைக் கேட்ட ஸஹாபாக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நமக்காக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது நமக்குக் காட்டப்படவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதோ தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. காட்டப்படாததைச் சாக்காக்கி, சொல்லப்பட்டதை விடுவது அறிவுடைமையல்ல. கல்லூரியிலிருந்து கேள்வியோடு வரும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுப்போம். அடுத்த முறை 'நஸீபு' என்று சொல்ல வாயெடுக்கும்போது, இங்கே செய்ய வேண்டியது இன்னும் ஏதாவது மீதம் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

செய்ய வேண்டியதைச் செய்யும் ஆற்றலையும், அதன் பிறகு வருவதைப் பொருந்திக்கொள்ளும் மனதையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.