கல்லின் அகக்கட்டமைப்பும் கிணற்று நீரும்

மருதனார்மடம், இணுவில், சுன்னாகம் ஆகிய இடங்களிற் கிணறு வெட்டுவோர் செம்பாட்டு மண்ணை அகற்றியதும் சுண்ணாம்புக்கல்லை எதிர்கொள்வர். மயோசீன் காலக் கடலில் உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவான இக்கல்லின் பிரதான கனிப்பொருள் கல்சைற்று ஆகும். அதன் இயல்புகளை அறிதல் புவிச்சரிதவியலாளருக்கு மாத்திரம் உரிய விடயமன்று என்பதே எமது கருத்து.

கனிப்பொருள்களை இனங்காண வன்மை, அடர்த்தி, பிளவு, மினுக்கம், நிறம் முதலிய பௌதிக இயல்புகள் பயன்படுகின்றன. 1812இல் மோஸ் வகுத்த வன்மை அளவுத்திட்டத்திற் கல்சைற்றின் இடம் 3. நகம் அதனைக் கீறாது, கத்திமுனை கீறும். உடைக்கும்போது அது சாய்சதுர முகங்களையுடைய துண்டுகளாகப் பிளக்கும். ஐதான அமிலத்துளி பட்டால் நுரைக்கும்.

இவ்வியல்புகள் தற்செயலானவை அல்ல. கல்சியம் அயன்களும் காபனேற்று அயன்களும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும் முறையிலேயே இவற்றின் அடிப்படை உள்ளது. 1914இல் டபிள்யூ. எல். பிறாக் எக்ஸ் கதிர்களின் துணையுடன் இவ்வொழுங்கினை வெளிப்படுத்தினார். இரசாயனச் சேர்க்கை மாத்திரம் ஒரு கனிப்பொருளை நிர்ணயிப்பதில்லை. அரகனைற்றும் அதே கல்சியங் காபனேற்றே. ஆயின் அயன்களின் அடுக்கு வேறுபடுவதால் அது கல்சைற்றிலும் வன்மையும் அடர்த்தியும் கூடியது. உருவம், உள்ளடக்கம் பற்றி வாதிடும் இலக்கிய மாணவர் இங்கு உவமை தேட விரும்பலாம். ஆயினும் சமூகத்தின் கட்டமைப்பு மனிதரின் செயலால் மாறுவது. அதனைக் கல்லின் கட்டமைப்போடு சமப்படுத்துவது இயந்திரவாதமாகும். நாம் வலியுறுத்துவது பிறிதொன்று.

மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகின்றது. அது கல்சைற்றைக் கரைத்து வெடிப்புகளை அகலமாக்குகின்றது. வற்றாத ஆறொன்றேனும் இல்லாத குடாநாட்டின் நன்னீர் இவ்வெடிப்புகளிலும் குழிகளிலுமே பெரிதும் தங்கியுள்ளது. நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியிற் படியும் வெண்படலம், கரைந்த கல் மீண்டும் கல்லாகும் நிகழ்ச்சியே.

நீரை வழங்கும் வெடிப்புகளே மாசையும் காவுகின்றன. தோட்டத்தில் அளவுமீறி இடப்படும் உரத்தின் நைத்திரேற்றும் மலகூடக் குழியின் கழிவும் அயற்கிணற்றை அடைகின்றன. கிணறுகளில் எண்ணெய் மாசு கலந்தமை குறித்து 2015இல் சுன்னாகப் பகுதி மக்கள் போராட நேர்ந்ததையும் நாம் மறத்தலாகாது. காணிக்கு வேலி உண்டு. கல்லுக்குள் வேலி இல்லை. நிலம் தனியுடைமையாகவும் அதனடியிலுள்ள நீர் பொதுவாகவும் இருக்கும் இம்முரண்பாட்டைத் தனிமனிதருக்கு நல்லுபதேசம் செய்து தீர்த்தல் இயலாது. உரப் பயன்பாடு, கழிவகற்றல், நீரிறைப்பு ஆகியன மக்களின் கூட்டுத் தீர்மானத்துக்கு உட்படுதல் வேண்டும். கல்லின் அகத்தை அறிதல் அதற்கான முதற்படியாகும்.