நூல் விலையும் நெசவாளர் சங்கத்தின் வியாபார முறையும்

ஒரு தொழிலின் லாபநஷ்டங்களுக்கு இருவகைக் காரணங்கள் உண்டு. ஊரிலும் உலகிலும் நிகழும் மாறுதல்கள் ஒருவகை; தொழிலை நடத்துவோர் கைக்கொள்ளும் முறை மற்றொருவகை. முன்னது நம் வசத்திலில்லை. பின்னது நம் வசத்திலுள்ளது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைக்கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

1929-ல் தொடங்கிய உலக வியாபார மந்தத்தில் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது. குடியானவன் கையில் பணமில்லாதபோது அவன் துணி வாங்குவதெங்ஙனம்? ஆலைத்துணியின் போட்டியும் சேர்ந்துகொண்டது. இக்காலத்தையொட்டி, 1935-ல், சென்னை மாகாணத்து நெசவாளர் சங்கங்களுக்குத் தலைமைச் சங்கமொன்று ஏற்பட்டது. அதுவே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்றது. 1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் நிலைமை மாறியது, நூலே அரிதாயிற்று. 1943-ல் துணிக்கும் நூலுக்கும் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தனர். 2011 மார்ச்சில் உலகச் சந்தையில் 1 ராத்தல் பஞ்சு 2 டாலருக்கு மேல் விற்றது; அவ்வாண்டு முடிவதற்குள் அவ்விலை பாதிக்கும் கீழாக இறங்கிவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கினால் கடைகள் மூடப்பட்டன. இவற்றுள் ஒன்றேனும் நெசவாளர் செய்ததன்று.

இம்மாறுதல்கள் சங்கத்தைத் தாக்கும் விதத்தை ஓர் உதாரணக் கணக்கால் அறியலாம். ஒரு சேலைக்கு நூல் 400 ரூபாய், கூலி 300 ரூபாய், சாயம் முதலிய சில்லறைச் செலவு 50 ரூபாய், விற்பனை விலை 800 ரூபாய் என்று கொள்வோம். மிச்சம் 50 ரூபாய். நூல் விலை எட்டில் ஒரு பங்கு ஏறினால், அம்மிச்சம் முழுவதும் மறைந்துபோகும். விலை ஏறுமென்று அஞ்சி 2,00,000 ரூபாய்க்கு நூல் வாங்கிக் குவித்த சங்கத்திற்கோ, விலை அதே அளவு இறங்கினால் 25,000 ரூபாய் நஷ்டம். ஆகவே நூலைக் குவிப்பதும் ஆபத்து. நூலின்றித் தறியை நிறுத்துவதும் ஆபத்து.

இத்தகைய சமயத்தில் சில சங்கங்களுக்கு முதலில் தோன்றும் யோசனை கூலியைக் குறைப்பதாகும். இது சங்கத்தின் வேரையே அறுப்பதாம். கூலி குறைந்த நெசவாளி தனி முதலாளியிடம் நெய்யப் போவான். அல்லது தொழிலையே விட்டுவிடுவான். நூல் விலை மீண்டும் இறங்கலாம். கைதேர்ந்த நெசவாளி மீண்டும் வருவானென்பது நிச்சயமில்லை.

ஆதலால் சங்க நிர்வாகிகள் நான்கு காரியங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, கையிலுள்ள விற்பனை உத்தரவுக்கும் வழக்கமான விற்பனைக்கும் தக்கபடியே நூல் வாங்குக. பெரிய உத்தரவு ஒப்புக்கொண்ட அன்றே அதற்குரிய நூலின் விலையையும் பேசி முடித்துக்கொள்க. இரண்டாவது, எல்லாத் தறிகளிலும் ஒரே ரகத்தை நெய்ய வேண்டாம். பண்டிகைக்கும் கல்யாணத்திற்கும் மட்டும் விற்கும் சேலைகளோடு, ஆண்டு முழுவதும் விலைபோகும் துண்டு, போர்வை ஆகியவற்றிற்கும் சில தறிகளை ஒதுக்குக. மூன்றாவது, கடனுக்கு விற்பதில் வரம்பு கட்டுக. கடையில் முடங்கிய பணத்தால் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் முடியாது. நான்காவது, நல்ல ஆண்டின் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாது, சேமநிதியைப் பெருக்குக. விற்பனை நின்ற மாதங்களில் கூலி கொடுக்க உதவுவது கையிலுள்ள சேமிப்பே.

இவற்றால் கஷ்டகாலம் வாராதென்று சொல்வதற்கில்லை. நீடித்த மந்தத்தைச் சிறிய சங்கம் தனியே தாங்குதலும் அரிது. தலைமைச் சங்கத்தின் உதவியும் சர்க்காரின் ஆதரவும் அப்பொழுது வேண்டப்படும். ஆயினும் அவ்வுதவி வந்து சேருமளவும் தறி ஓடவேண்டுமன்றோ? ஆகையால் அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: கையிருப்பு நூல் எத்தனை நாளைக்குக் காணும்? வெளியில் நிற்கும் பாக்கி எவ்வளவு? விற்பனை நின்றால் எத்தனை வாரம் கூலி கொடுக்க இயலும்? இவற்றிற்குத் தடையின்றி விடைசொல்லும் சங்கமே காலத்தின் மாறுதலை எதிர்கொள்ளத் தக்கதாகும்.