குப்பையைப் பிரிப்பதும் நலம் காப்பதே

பலாப் பருவத்தில் காடாம்புலியூர், பண்ருட்டிப் பகுதி வீடுகளில் சுளை தீர்ந்தபின் தோலும் சக்கையும் மலைபோல் எஞ்சும். மாடு வளர்ப்போர் வீட்டில் அவை தீவனமாகிவிடும். அதே தோல், மாத்திரை அட்டையோடும் ஊசியோடும் ஒரே நெகிழிப் பையில் அடைபட்டால் மாட்டுக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது.

நோயாளியைப் பேணும் வீட்டில் பலவகைக் கழிவுகள் சேர்கின்றன. அவற்றை அகற்றும் வழிகளுள் எது குறைந்த கேடு செய்யும் என்று நாம் எண்ணிப் பார்ப்போம்.

குவித்து வைப்பது முதல் வழி. காற்றுப் புகாத குவியலில் ஈரக் கழிவு அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. குவியலிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது. 2022 ஏப்ரல் இறுதியில் சென்னை பெருங்குடிக் குப்பைமேடு தீப்பற்றியபோது, சுற்றியுள்ள குடியிருப்புகள் புகையால் துன்புற்றன. தீயை அணைக்கச் சில நாள்கள் ஆயின.

எரிப்பது இரண்டாவது வழி. கொல்லையில் நெகிழியோடு குப்பையை எரித்தால் நுண்துகளும் டையாக்சின் போன்ற நச்சுகளும் எழுகின்றன. ஆஸ்துமா, இதயநோய் உள்ளோருக்கு அப்புகை உடனடித் தீங்கு. ஆலையில் எரிப்பதற்கும் காய்ந்த குப்பையே ஏற்றது. தில்லி திமார்ப்பூரில் 1987-இல் தொடங்கிய எரியாலை, ஈரம் மிகுந்த குப்பையில் போதிய எரிதிறன் இன்மையால் விரைவிலேயே நின்றுபோயிற்று.

உரமாக்குவது மூன்றாவது வழி. துளையிட்ட மண்தொட்டியில் காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மாறி மாறி இட்டு, அவ்வப்போது கிளறிவந்தால், இரண்டு மூன்று மாதங்களில் உரம் கிடைக்கும். காற்றோட்டம் இருப்பதால் மீத்தேன் மிகக் குறைவு. ஆயினும் உடைந்த கண்ணாடியும் மின்கலமும் கலந்தால் அந்த உரமும் பயிருக்கு உதவாது.

ஆக, எவ்வழியைத் தேர்ந்தாலும் அதன் பயன் நம் வீட்டுக் கூடையிலேயே முடிவாகிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஈரக் கழிவு, உலர் கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்கச் சொன்னதும் இதனாலேயே.

பேணுவோர் கருத்தில் கொள்ளவேண்டியவை சில. இன்சுலின் ஊசியைத் தடித்த நெகிழிப் புட்டியில் இட்டு, இறுக மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்துத் தனியே ஒப்படைக்க வேண்டும். கழிவுத் துணியையும் அணையாடையையும் தாளில் பொதிந்து, அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் நுரையீரல் நோயாளரும் உரத்தொட்டியைக் கிளறுதல் கூடாது. அதிலிருந்து எழும் பூஞ்சை வித்துகள் அவர்களுக்கு நோய் தரலாம். அப்பணியை வீட்டிலுள்ள நலமுடையோர் செய்க.

நாளை காலை நம் வாயிலில் குப்பையை வாங்கும் தூய்மைப் பணியாளரின் கை, நாம் இன்று பிரித்து வைப்பதை நம்பியே நீள்கிறது.